கொட்டாயில் என் முறை

என் மகன் உட்கார்ந்து சாப்பிட மாட்டான். ஒன்றரை வயது வரை அவனுக்கு ஊட்டிய ஒவ்வொரு வாயும் நடந்துகொண்டே ஊட்டியதுதான். பஸ் நிலையத்தில், செங்கல் சூளையில், கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த ஏதோ ஒரு தெருவில் மணல் குவியலைச் சுற்றிச் சுற்றி. நின்றால் வாயை மூடிக்கொள்வான். நடந்தால் திறப்பான். மகள் அதற்கு நேர்மாறு. நான்கு வயது. ஓர் இடத்தில் உட்கார்ந்தால் எழுப்ப முடியாது. சோற்றில் இருக்கும் கடுகை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்த பிறகுதான் முதல் கவளத்தை எடுப்பாள். இருவருக்கும் ஒரே நேரத்தில் சோறு போக வேண்டுமென்றால், உட்கார்ந்திருக்கும் அவளைச் சுற்றி நான் அவனைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். நடந்தேன்.

அவனை அப்படிப் பழக்கியது நான்தான். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டதிலிருந்து ஒரே இடத்தில் ஒரு வருடம் முழுதாக நான் இருந்ததில்லை. திருப்பூரில் பனியன் பிசிறு வெட்டினேன். சென்னையில் சித்தாள் வேலை செய்தேன். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு சூளையில் கல் அறுத்தேன். யாராவது ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினால் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன். சில இடங்களில் யாரும் ஒன்றும் பேசவில்லை, அப்போதும் கிளம்பினேன். என் வீட்டுக்காரர் போர்வெல் லாரியில் வேலை செய்கிறவர். வடக்கே போனால் மூன்று நான்கு மாதம் திரும்ப மாட்டார். போன் செய்தால் முதல் கேள்வி, "இப்ப எங்க இருக்கற?" அதில் கோபம் இல்லை. பணம் அனுப்பவும் வீடு வந்து சேரவும் அவருக்கு அது தெரிய வேண்டியிருந்தது.

மரக்காணத்துக்கும் அப்படித்தான் வந்தேன். மார்கழி பிறந்திருந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், மழை நின்றதும் உப்பளத்தில் ஆள் எடுப்பார்கள் என்றாள். இறங்கிவிட்டேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை ஒன்று கிடைத்தது. கதவைத் திறந்தால் காற்றில் உப்பு வாசம்.

மகளுக்குக் காலையில் எழுந்ததும் ஒரு கேள்வி இருந்தது.

"சாயந்திரம் இதே வூட்டுக்கா வருவோம்?"

"இதே வூடுதான்."

தலையை ஆட்டுவாள். ஆட்டிவிட்டு, தன் இன்னொரு கவுனை மடித்துக் கையோடு எடுத்துக்கொள்வாள். நான் சொன்னதை நம்பவில்லை என்று அர்த்தம். அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போயிருக்கிறேன்.

உப்பளத்தில் வேலை விடியும்போதே தொடங்கிவிடும். வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் நிற்க முடியாது. பால்வாடி திறப்பதோ பத்து மணிக்கு. நடுவில் இருக்கும் நாலைந்து மணி நேரத்துக்குச் சின்னப் பிள்ளைக்காரிகள் என்ன செய்வது? நான் சேர்ந்த செட்டில் என்னோடு சேர்த்துப் பத்துப் பெண்கள். அவர்கள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒன்பது பேர் பாத்தியில் இறங்குவார்கள். பத்தாவது ஆள் ஓலைக் கொட்டாயில் உட்கார்ந்து எல்லாருடைய பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வாள். கூலியில் அவளுக்கும் மற்றவர்களுக்குச் சமமான பங்கு. மறுநாள் அடுத்தவள். பிள்ளை வளர்ந்துவிட்டவளுக்கும், பிள்ளையே இல்லாதவளுக்கும் முறை உண்டு. மேஸ்திரிக்கு இது பிடிக்காது. ஆனால் ஒன்பது பேர் சேர்ந்து பத்து ஆள் வேலையை முடித்துவிடுவதால் அவரால் வாயைத் திறக்க முடியவில்லை.

செட்டுக்குப் பெரியவராக ஓர் அக்கா இருந்தார். நாற்பதைத் தாண்டியவர். அவருடைய கடைசிப் பெண்ணுக்கு என் மகள் வயதுதான். முதல் நாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"புள்ள எத்தினி?"

"ரெண்டுக்கா."

"கொட்டாய் முறை செய்வியா? உன் புள்ள அழுவும்போது ஊரான் புள்ளையும் அழுவும். எத மொதல்ல தூக்குவ?"

"எது கிட்ட இருக்குதோ அத."

"பரவால்லியே. பொய் சொல்ல மாட்ட போல" என்று சேர்த்துக்கொண்டார்.

நான் போனபோது உப்பு விளையத் தொடங்கவில்லை. மழைத் தண்ணீரை இறைத்து, உடைந்த வரப்பைக் கட்டி, பாத்தியில் படிந்த பாசியைச் சுரண்டும் காலம் அது. முதல் வாரமே ஒரு காரியம் செய்தேன். சின்னவன் கொட்டாயில் ஆய் போய்விட்டான் என்று கூப்பிட்டார்கள். ஓடிப் போய் அவனைத் தூக்கி, கைக்கு எட்டிய வாய்க்கால் தண்ணீரை அள்ளிக் கழுவினேன். அவனுக்கு ஏற்கெனவே தொடையிடுக்கில் புண். அது கடல் தண்ணீரைவிட நாலு மடங்கு கரிக்கும் தண்ணீர். அவன் போட்ட சத்தத்தில் பாத்தியில் இருந்த எட்டுப் பேரும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்துவிட்டார்கள்.

"அடிப்பாவி! புண்ணுல உப்புத் தண்ணியா ஊத்துற?"

"இன்னாடி, புள்ளைய ஊறுகா போடறியா?"

அக்கா குடத்து நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றி, தன் தலையில் இருந்த எண்ணெயையே விரலால் வழித்துப் புண்ணில் தடவினார். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு என் பிள்ளைக்கு ஊறுகாய் என்றுதான் பெயர். அன்றிலிருந்து வேலைக்கு வரும்போது ஒரு இடுப்பில் பிள்ளையும் மறு இடுப்பில் நல்ல தண்ணீர்க் குடமுமாக வந்தேன். பெரியவள் கவுனைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவாள்.

அந்த நாட்களை நினைத்தால் கஷ்டம் முதலில் நினைவுக்கு வருவதில்லை. தண்ணீர் இறைக்கும் இன்ஜின்தான் வருகிறது. சின்னவன் பஸ்ஸிலும் லாரியிலும் தூங்கி வளர்ந்தவன். அமைதியான அறையில் போட்டால் கொட்டக்கொட்ட விழித்திருப்பான். உப்பளத்து டீசல் இன்ஜினை ஓட்டிய மறுநிமிடம் தூளியில் வாய் பிளந்து தூங்கிப்போனான். இன்ஜின் நின்றால் எழுந்துகொள்வான். மற்றப் பிள்ளைகளுக்கு அது பெரிய விளையாட்டு. "ஊறுகா தம்பி, டீசல் தீந்துடுச்சா?" என்று தூளிக்குள் எட்டிப் பார்ப்பார்கள். அவன் கண்ணைத் திறந்ததும் எல்லாப் பல்லும் தெரியச் சிரிப்பான். ஆறு பல். என் மகள் கிளிஞ்சலை அளவுப்படி அடுக்கி, "இது அப்பா கிளிஞ்ச, லாரியில இருக்குது" என்று ஒன்றைத் தூரமாக வைப்பாள். பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் நக்கிப் பார்த்து யார் கை அதிகம் கரிக்கிறது என்று பந்தயம் வைப்பார்கள். என் மகள் கைதான் ஜெயிக்கும். அவள் கழுவ விட மாட்டாள்.

ஆனால் கொட்டாய் முறை எனக்குக் கைவரவில்லை. தலையில் மண் கூடை இருந்தால் எனக்கு நேரம் போய்விடும். பிள்ளைகளோடு உட்கார்ந்தால் போகாது. மொத்தம் ஏழு பேர். என்னுடையது இரண்டு, ஒருத்தியின் மூன்று வயது இரட்டைப் பையன்கள், அக்காவின் கடைசிப் பெண், பக்கத்துக் குப்பத்துக்காரியின் இளைப்பு நோய்ப் பையன், அப்புறம் எதைக் கேட்டாலும் "வேணாம்" என்று சொல்லும் ஒரு குட்டி. ஒருவன் மூத்திரம் என்பான். அவனைக் கூட்டிப் போய் வருவதற்குள் இன்னொருத்தி குடத்தில் மண்ணைப் போட்டிருப்பாள். என் கால் துடிக்கும். என் பிள்ளைகள் மேல் எனக்குப் பாசம் இல்லையா என்று முதல் முறையன்று என்னையே கேட்டுக்கொண்டேன். பாசம் இருந்தது. உட்காரத்தான் தெரியவில்லை. இரட்டைப் பிள்ளைக்காரிக்கு அது தெரிந்துவிட்டது. என் முறை வரும் நாளில் வேலைக்கு நடுவே தண்ணீர் குடிக்கும் சாக்கில் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள்.

மூன்றாவது முறை தை மாதக் கடைசியில் வந்தது. அப்போது பாத்தி மிதித்துக்கொண்டிருந்தார்கள். பாத்தியின் தரை சிமெண்ட் பூசின மாதிரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உப்பை வாரும்போது சேறும் சேர்ந்து வரும். அதற்காகத் தண்ணீரை வடித்துவிட்டு, மண் பதமான ஈரத்தில் இருக்கும்போது ஆட்கள் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நின்று, குதிகாலால் அழுத்தி மிதித்துக்கொண்டே ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போக வேண்டும். பிறகு திரும்ப வேண்டும். ஓர் அடி இடம் விடக் கூடாது. இப்படி நாலைந்து நாள். கடைசி மிதி முடிந்த பாத்தியில் தண்ணீர் கட்டும் வரை காக்காய் கூட உட்காரக் கூடாது என்பார் மேஸ்திரி. கொட்டாயை ஒட்டிய பெரிய பாத்திக்கு முந்தின நாள்தான் கடைசி மிதி முடிந்திருந்தது. நானும் மிதித்தேன். என் முறைக்கு மறுநாள் தண்ணீர் கட்டுவதாக இருந்தது.

அன்று காலை ஏழரை மணி இருக்கும். எல்லாரும் தூரத்துப் பாத்தியில் இருந்தார்கள். கழுவெளி ஏரிப் பக்கம் தண்ணீருக்குள் ரோஸ் நிறத்தில் ஒரு கூட்டம் நின்றது தெரிந்தது.

"அது இன்னா?" என்றான் இரட்டையரில் ஒருவன்.

"ரோஸ் கொக்கு" என்றாள் என் மகள். அவளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

"கிட்ட போய்ப் பாக்கலாமா?" என்றேன். கேட்டது பிள்ளைகள் இல்லை, நான்தான்.

யோசிக்காமல் கிளம்பிவிடவில்லை. தூளியில் இருந்த பழைய சேலையை அவிழ்த்து நீளமாக முறுக்கினேன். ஆறு பேரையும் வரிசையாக அதைப் பிடிக்கச் சொன்னேன். இளைப்புப் பையன் மெதுவாக நடப்பான் என்பதால் அவன் முதலில். என் மகள் பொறுப்பானவள் என்பதால் கடைசியில். சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"இன்னா ஆனாலும் சேலைய வுடக் கூடாது. புரியுதா? யார் வுடறாங்களோ அவங்களுக்குக் கொக்கு கிடையாது."

புரிந்தது. மிக நன்றாகவே புரிந்தது.

வரப்பு வழியாகப் போனோம். ஒரு பக்கம் தண்ணீர் வரும் வாய்க்கால், மறுபக்கம் பாத்தி. கொக்குகளைப் பார்த்தோம். நூறு இருக்கும். தலையைக் கவிழ்த்துத் தண்ணீரில் வைத்து எதையோ தேடிக்கொண்டிருந்தன. "அதுங்களுக்கு மூக்கு ஒழுவுதா?" என்றது வேணாம் குட்டி. முதல் தடவையாக அது வேணாம் தவிர வேறு சொல்லைச் சொல்லி நான் கேட்டேன். சின்னவனுக்கு ஊட்டக் கொண்டுவந்த இட்லியைப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டே நடந்தேன். நடை என்பதால் மறுக்காமல் விழுங்கினான். எல்லாருக்கும் நல்ல நேரம். எனக்கும்தான்.

திரும்பும்போது காற்று. இளைப்புப் பையனின் கம்பளிக் குல்லா பறந்து போய்ப் பெரிய பாத்தியின் நடுவில் விழுந்தது. அவன் அதை எடுக்க வரப்பிலிருந்து இறங்கினான். நான் பின்னால், சின்னவன் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது ஆறு பேரும் பாத்திக்குள் இருந்தார்கள். அவன் சேலையை விடவில்லை. அதனால் மற்றவர்களும் விடவில்லை. முன்னால் போகிறவன் போன இடத்துக்கெல்லாம் போனார்கள்.

"மேல ஏறுங்க! எல்லாரும் மேல ஏறுங்க!"

அந்தத் தரையை மிதித்தவர்களுக்குத்தான் தெரியும் அது காலுக்கு எவ்வளவு சுகம் என்று. குளிர்ச்சி, வழவழப்பு, லேசாக உள்வாங்கும். கல்லிலும் முள்ளிலும் சுடுமண்ணிலும் நடந்த பிள்ளைகள். குல்லாவை எடுத்த பிறகு ரயில் விட ஆரம்பித்தார்கள். நேராக, வளைவாக, எட்டுப் போட்டு. கடைசியில் என் மகள், "வுடாதீங்க! யாரும் வுடாதீங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். நான் இறங்கினேன். இடுப்பில் பிள்ளையின் பாரம் வேறு. என் குதிகால் பதிந்த பள்ளங்கள்தான் எல்லாவற்றிலும் ஆழம்.

மேஸ்திரியின் குரல் வந்தது. "ஏம்மா! யாரும்மா அது? நேத்து மிதிச்ச பாத்திம்மா அது! புள்ளைங்கள எறக்கி வுட்டுட்டு வேடிக்கை பாக்கறியா?"

செட்டு முழுவதும் வந்துவிட்டது. பாத்தியைப் பார்த்தார்கள். ஒருத்திக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டாள். இரட்டைப் பிள்ளைக்காரி சிரிக்கவில்லை. தன் பையன்களை இரண்டு கையிலும் இழுத்துச் சேர்த்துக்கொண்டாள்.

"பாத்தி போனா மிதிச்சிக்கலாம். வாய்க்கா ஓரமா இட்டுக்கினு போயிருக்காளே, அத யாரும் கேக்க மாட்டீங்களா? ஆளு முழுவுற ஆழம்க்கா அது! ஒண்ணு வுழுந்திருந்தா? சேலைய வுடாதன்னு வேற சொல்லியிருக்கா. ஒண்ணு வுழுந்தா ஆறும் வுழுந்திருக்கும்!"

எனக்கு அதுவரை அது தோன்றவில்லை. தோன்றியதும் என் மகளை இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன்.

"கொக்கு காட்டப் போனேன்" என்றேன்.

"டூரிஸ்ட் பஸ்ஸா வுடற? நாங்க இன்னா டிக்கெட்டா எடுத்தோம்?"

அக்கா பாத்திக்கு மறுநாள் தண்ணீர் கட்ட முடியாது என்று மேஸ்திரியிடம் பேசிவிட்டு என்னிடம் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"உன்ன நம்பி அஞ்சு உசுர வுட்டுட்டுப் போறோம். நாளைக்கு நீ வராத. மத்தவங்ககிட்டப் பேசிட்டுச் சொல்றேன்."

கொட்டாய் இல்லையென்றால் எனக்கு வேலை இல்லை. ஒன்றரை வயதுப் பிள்ளையை வேறு எங்கே விட முடியும்? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அறைக்கு வந்தேன். வந்ததும் என் கை தானாக வேலை செய்ய ஆரம்பித்தது. எனக்கு மூட்டை கட்டக் கால் மணி நேரம் போதும். பாத்திரம் குடத்துக்குள். துணி பெட்ஷீட்டில். ஸ்டவ் கடைசியில். கடலூர்ப் பக்கம் முந்திரித் தோப்பில் வேலை இருக்கும், மாலை பஸ்ஸைப் பிடித்தால் போதும் என்று மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

பெரியவள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் அந்த மடித்த கவுன்.

"நான் வுடவே இல்லம்மா" என்றாள்.

"இன்னாத்த?"

"சேலைய. கடைசி வரைக்கும் பிடிச்சிக்கினுதான் இருந்தேன். மத்தவங்களயும் வுடக் கூடாதுன்னு சொன்னேன்." கவுனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அப்பறம் ஏன் வூடு மாத்துறோம்?"

"உன்னால இல்ல பாப்பா."

"சூளையில நான் பச்சக் கல்ல மிதிச்சிட்டேன். அதுக்கு மாத்தினோம். மெட்ராஸ்ல தொட்டியில செருப்பப் போட்டேன். அதுக்கு மாத்தினோம். இங்க நான் ஒண்ணுமே பண்ணல."

சூளையில் அவள் சுடாத செங்கல்லை மிதித்தது எனக்கு நினைவுகூட இல்லை. அங்கிருந்து கிளம்பியதற்குக் காரணம் கணக்கெழுதுகிறவன் என்னை ஒரு மாதிரி பார்த்தது. சென்னையிலிருந்து கிளம்பியதற்குக் காரணமே இல்லை. எனக்குச் சலித்துவிட்டது, அவ்வளவுதான். இவள் ஒவ்வொரு வீட்டுக்கும் தன்னிடம் ஒரு குற்றத்தைத் தேடி வைத்திருக்கிறாள். நான்கு வயதில். காலையில் அவள் கேட்கும் கேள்விக்கு நான் சிரித்துக்கொண்டு போனது அப்போது நெஞ்சில் குத்தியது.

ஸ்டவ்வை மறுபடி இறக்கி வைத்தேன். சோறு வடித்தேன். இருவருக்கும் ஊட்டினேன், ஒருத்தியைச் சுற்றி ஒருவனோடு நடந்து. "நீ பண்ணது எதுவும் தப்பில்ல. அம்மாதான் தப்பு பண்ணேன்" என்று நடந்துகொண்டே சொன்னேன். "சூளைலயா?" என்றாள். "எல்லாத்துலயும்" என்றேன். யோசித்துவிட்டு ஒரு கடுகை எடுத்து வைத்தாள்.

வெயில் தாழ்ந்ததும் பிள்ளைகளோடு உப்பளத்துக்குப் போனேன். யாரும் இல்லை. பாத்தியில் தடங்கள் காயத் தொடங்கியிருந்தன. வாய்க்காலில் தண்ணீர் மொண்டு கைகளால் தெளித்து ஈரமாக்கினேன். பெரியவளைக் கொட்டாய்க்குள் உட்கார வைத்து, சின்னவனை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கினேன். ஒரு மூலையிலிருந்து மிதிக்க ஆரம்பித்தேன். வலது, இடது, அழுத்தி, ஒட்டி. நடை இருந்ததால் அவன் முதுகில் பேசாமல் இருந்தான். நாலு தடவை போய் வந்து திரும்பிப் பார்த்தால், நான் மிதித்த இடம் மெத்தை தைத்த மாதிரி மேடும் பள்ளமுமாக இருந்தது.

மேஸ்திரி சைக்கிளில் வந்து வரப்பில் காலூன்றி நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஒத்த ஆள் மிதிச்சா அலையலையாத்தாம்மா வரும். ரெண்டு பக்கமும் ஆள் நின்னாத்தான் மண்ணு நவுராம அமுங்கும். இது தெரியாதா?"

"தெரியும். ஆள் இல்ல."

அவர் போனில் அக்காவைக் கூப்பிட்டார். "இந்தாம்மா, உங்க செட்டு ஆளு ஒண்ணு இங்க தனியா குதிச்சிக்கினு இருக்குது. இருக்கற பாத்தியையும் கெடுத்துடப் போவுது. வந்து பாருங்க."

அரை மணி நேரத்தில் அக்காவும் இன்னும் மூன்று பேரும் வந்தார்கள். இரட்டைப் பிள்ளைக்காரி வரவில்லை. அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, நான் செய்து வைத்திருந்ததைக் காலால் தடவிப் பார்த்தார்.

"நல்லா கெடுத்து வச்சிருக்க. தள்ளு."

என் வலது பக்கம் அவர், இடது பக்கம் மற்றவர்கள். ஐந்து பேருமாக மிதித்தோம். இரண்டாவது வரிசையில் அக்கா சொன்னார்: "என் மொத முறையில நான் தூங்கிட்டேன். எழுந்து பாத்தா ஒருத்தி புள்ள வாய் நெறைய உப்பு. மூணு நாள் ஆஸ்பத்திரி. அவ என்கூட ஒரு வருஷம் பேசல."

"அப்பறம்?"

"அப்பறம் இன்னா, அவளுக்கு ரெண்டாவது பொறந்திச்சி. யார்கிட்ட வுடுவா? வந்தா."

மற்றவர்கள் சிரித்தார்கள். நானும். முதுகில் சின்னவன் எதற்கென்று தெரியாமல் சிரித்தான். கொட்டாயிலிருந்து பெரியவள், "அங்க ஒரு கால் இருக்குது! அது என் கால்!" என்று விட்டுப்போன தடத்தைக் காட்டிக் கத்தினாள். அதையும் மிதித்தோம். பொழுது சாயும்போது பாத்தி பாதிதான் முடிந்தது. மறுநாள் காலை செட்டு முழுவதும் இறங்கி மீதியை முடித்தது. என்னை வராதே என்று சொன்னதைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் கேட்காமல் வரிசையில் போய் நின்றேன். இரட்டைப் பிள்ளைக்காரி வரிசையின் மறுகோடியில் நின்றாள். என் பக்கம் பார்க்கவில்லை. தண்ணீர் ஒரு நாள் தாமதமாகக் கட்டினார்கள்.

ஆனால் முறை பற்றிய முடிவு சொல்லப்படவே இல்லை. அது ஒவ்வொரு நாளும் என்னைத் தின்றது. அவர்கள் தங்கள் பிள்ளைகளை என்னிடம் விடவில்லையென்றால், என் பிள்ளைகளை மட்டும் எத்தனை நாள் கொட்டாயில் சேர்த்துக்கொள்வார்கள்? யாரும் விரட்ட மாட்டார்கள். எனக்கே ஒரு நாள் பை தோளில் ஏறிவிடும்.

நாட்கள் போயின. பாத்தித் தண்ணீரின் மேல் ஆடை படர்ந்து, அடியில் அரிசி நொய் மாதிரி உப்பு விழத் தொடங்கியது. என் முறைக்கு முந்தின நாள் சாயங்காலம் வரை ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் விடியற்காலை குடத்தையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு போனபோது, பாத்தியில் இறங்குவதா கொட்டாயில் உட்காருவதா என்று எனக்குத் தெரியவில்லை. நடுவில் வரப்பில் நின்றேன்.

அக்கா கடந்து போனார். போகிற போக்கில் தன் பெண்ணின் கையை என் கையில் வைத்துவிட்டு, நிற்காமல் பாத்தியில் இறங்கினார். குப்பத்துக்காரி இளைப்புப் பையனைக் கொண்டுவந்து விட்டு, மருந்து உறிஞ்சும் பம்பை என் இடுப்பில் செருகினாள். "ரெண்டு இழுப்பு. அதுக்கு மேல குடுக்காத" என்றாள். வேணாம் குட்டி தானாகவே வந்தது.

இரட்டைப் பிள்ளைக்காரி கடைசியில் வந்தாள். பையன்கள் இரண்டு பேரும் அவளை முந்திக்கொண்டு ஓடி வந்து, "இன்னிக்கி எங்க போறோம்?" என்றார்கள். அவள் அவர்களைச் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எங்கியும் போவல. வாய்க்கா பக்கம் தலைவச்சிப் படுக்கக் கூடாது. கேட்டுதா?" அது அவர்களுக்கு இல்லை. என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"போவ மாட்டேன்" என்றேன்.

"இவனுக்குச் சளி. தண்ணி கேட்டா கொஞ்சமா குடு. அவன் டிபன் அவன் சாப்புட மாட்டான், இவனுத புடுங்கித் தின்னுவான். மாத்தி உக்கார வை. வெயில்ல வுடாத. அழுதா, அழட்டும், தூக்காத. தூக்கினா பழகிடும்."

டிபன் டப்பாவை என் கையில் திணித்துவிட்டுப் போனாள். பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தாள். பிறகு உப்பு வாரும் பலகையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

இன்ஜின் ஓட ஆரம்பித்தது. சின்னவன் தூங்கினான். நான் கொட்டாயின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். கால் துடித்தது. துடிக்கட்டும் என்று விட்டேன். இரட்டையர் என் முதுகில் ஏறினார்கள். என் மகள் வந்து மடியில் உட்கார்ந்து, என் வளையலை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டிருந்தாள். எட்டு மணிக்குள் இருபது தடவையாவது தலைகளை எண்ணியிருப்பேன். தண்ணீர் குடிக்கும் சாக்கில் அன்று யாரும் வந்து எட்டிப் பார்க்கவில்லை.